அந்தக் கையெழுத்து அவர் போட்டதுதானா? இரங்கல் கடிதம் வந்த வீடுகள் பேசலாம்

இளையவள்:
ராணுவத்தில் இருந்த அண்ணன் இறந்து 23-ஆம் நாள் இரங்கல் கடிதம் வந்தது. தடித்த தாள், மேலே முத்திரை, கீழே தலைவரின் கையெழுத்து. எல்லாரும் சுற்றி நின்று படித்தோம். அம்மா மட்டும் படிக்கவில்லை. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, கையெழுத்தின் கடைசி எழுத்தை மெதுவாகத் தேய்த்தாள். நீலம் கொஞ்சம் இழுபட்டது. "மைதான். அவரே போட்டிருக்கார்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். உடல் வந்த அன்றுகூட அழாதவள். பத்து வருடமாகிறது, அந்த விரல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தலைவர்கள் உண்மையிலேயே உட்கார்ந்து இதில் கையெழுத்துப் போடுகிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய எழுத்தர்:
சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கையெழுத்துப் போடும் இயந்திரத்தை ஆறு வருடம் ஓட்டியவன் நான். அதில் அச்சு கிடையாது, தங்கச்சி. நிஜப் பேனாவைத்தான் மாட்டுவோம். தாளை வைத்து மிதியை அழுத்தினால் இயந்திரத்தின் கை நகர்ந்து எழுதும். அந்த மையும் தேய்த்தால் இழுபடும். இரண்டு கடிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். மனிதக் கை இரண்டு முறை அச்சு அசலாக எழுதாது.

ஒரு நாள் பேனா பாதியில் நின்றது. எடுத்து உதறினேன், ஒரு சொட்டு மை இறந்தவரின் பெயர் மேலேயே விழுந்துவிட்டது. கெட்டுப்போன தாளைக் கிழித்துப் போட வேண்டும், அது விதி. பெயர் நடுவில் கிழிந்துவிடக் கூடாதே என்று சுற்றிச் சுற்றிக் கிழித்தேன். அந்தப் பெயர் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

நடைபாதை:
எழுத்தர் ஐயா, இதை அந்தப் பெண்ணிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? இயந்திரம் இருப்பதாலேயே எல்லாக் கடிதமும் இயந்திரம் போட்டது என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரங்கல் கடிதங்களில் தானே கையெழுத்திடவில்லை என்று 2004 டிசம்பரில் ஒப்புக்கொண்டார். கடிதம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்ததாகச் சொன்னார். கண்டனம் கிளம்பிய பிறகு, இனி ஒவ்வொன்றிலும் நானே போடுவேன் என்றார். அப்போது ஜனாதிபதியாக இருந்த புஷ் தன் கடிதங்களில் தானே கையெழுத்திட்டார் என்று வெள்ளை மாளிகை சொன்னது. ஆக, ஆளுக்கு ஆள் மாறும்.

தானே எழுதினாலும் நிம்மதி என்று சொல்ல முடியாது. 2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் ஒரு தாய்க்குக் கைப்பட எழுதினார், குடும்பப் பெயரையே தப்பாக எழுதிவிட்டார். அந்த அம்மா மனம் நொந்து போனார். பிரவுனுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். என் தம்பிக்கு வந்ததில் நான் வைத்திருப்பது அவனுடைய கமாண்டிங் ஆபீசர் எழுதியது மட்டும்தான். அரைப் பக்கம், அடித்தல் திருத்தலோடு. "குளிர் நாளில் தன் காலுறையைக் கழற்றி எனக்குக் கொடுத்தான்" என்று ஒரு வரி. தம்பி அப்படித்தான்.

காகிதப்பிரியன்:
எங்கள் வீட்டிலும் மாமாவுக்கு வந்த கடிதம் இருக்கிறது, கையெழுத்து முக்கால்வாசி மங்கிவிட்டது. அதனால் சொல்கிறேன், யாரும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை கெடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஒட்டும் டேப் கூடவே கூடாது, நாலைந்து வருடத்தில் பழுப்பேறும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவராகப் பாருங்கள். மாட்டுவதற்குப் பிரதி எடுத்து, அசலை அமிலமில்லாத உறையில் மடிக்காமல் வைப்பது இன்னும் நல்லது. முதல் வேலையாகப் படம் எடுத்து வையுங்கள். தபால் உறையையும் எறியாதீர்கள், தேதி அதில்தான் இருக்கும். பின்னால் குறிப்பு எழுதுவதென்றால் பென்சில். இளையவள், ஈர விரல் இனி வேண்டாம்.

நடைபாதை:
அவர் கேட்டது அதுவா, காகிதப்பிரியன்?

வடக்கு ஜன்னல்:
எங்கள் வீட்டுக்குக் கடிதமே வரவில்லை. என் கணவர் எதிரியின் குண்டுக்குப் பலியாகவில்லை, முகாமில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அமெரிக்காவில் போர்முனையில் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கும் ஜனாதிபதி கடிதம் போகட்டும் என்று ஒபாமா 2011-இல் மாற்றினார். அதைப் படித்த அன்று செய்தித்தாளை வெட்டி என் கணவர் படத்துக்குப் பின்னால் வைத்தேன். இயந்திரம் போட்ட கையெழுத்தாக இருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

இளையவள்:
எல்லாருக்கும் நன்றி. வடக்கு ஜன்னல், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன்.

அண்ணனோடு அதே வாரம் இறந்த இன்னொருவர் வீட்டிலும் கடிதம் இருக்கிறது. அந்த அம்மாவும் என் அம்மாவும் போனில் பேசாத வாரமில்லை. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதை நான் செய்யப் போவதில்லை.

எழுத்தர் ஐயா, உங்கள் மேல் கோபமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் மறக்காத அந்தப் பெயரைத் தனிச் செய்தியில் எனக்குச் சொல்வீர்களா?