18 வருஷம் கழித்து ஒரு ரத்தக்கறை சாட்சி சொல்லுமா?

மழைக்காகம்: லண்டனில் 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞனைக் குத்திக் கொன்றவர்களில் இரண்டு பேருக்கு 2012-இல்தானே தண்டனை கிடைத்தது? அத்தனை வருஷம் கழித்து அப்படி என்ன புதுசாகச் சிக்கியது?

டீக்கடை_பெஞ்ச்: புதுசாக ஒன்றுமில்லை, 93-லேயே பறிமுதல் செய்து பையில் போட்டு வைத்த பழைய துணிகள்தான். அந்த இருவரில் கேரி டாப்ஸனின் ஜாக்கெட் காலரில் அரை மில்லிமீட்டர் ரத்தக்கறை, டிஎன்ஏ லாரன்ஸோடு ஒத்துப்போனது. டேவிட் நாரிஸின் ஜீன்ஸில் ஒரு முடித்துணுக்கு, அப்புறம் லாரன்ஸ் உடுப்பின் நூலிழைகள்.

மழைக்காகம்: சரி, அத்தனை வருஷத்தில் ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டியிருக்காதா?

பழைய_பேப்பர்: எதிர்த்தரப்பு வக்கீல்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ரத்தம் ஈரமாக இருந்தபோதே காலர் நூலுக்குள் ஊறிக் காய்ந்திருக்கிறது என்றது அரசுத் தரப்பு. டாப்ஸன் 1996-லேயே இதே வழக்கில் குற்றவாளி இல்லை என்று விடுதலையானவர் வேறு. ஒரே குற்றத்துக்கு ஒருவரை மறுபடி விசாரிக்கக் கூடாது என்ற இரட்டை விசாரணைத் தடையை 2005-இல் தளர்த்தியிருக்காவிட்டால் கறை கிடைத்தும் பிரயோசனம் இல்லை.