மறதி நோய் வந்த வீட்டுப் பெரியவர்களை யாராவது ஏமாற்றியிருக்கிறார்களா? உங்கள் அனுபவம்

தாமிரபரணிக்காரி:
அம்மாவுக்கு 78 வயது. டிமென்ஷியா என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆகிறது. மற்றதெல்லாம் இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான், விட்டுவிடுகிறேன். பெரியப்பா மகன் ஒருநாள் காலையில் காரோடு வந்து, "சித்தியத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்க்கா" என்றான். எனக்கு ஒருநாள் ஓய்வு கிடைக்கிறதே என்று சந்தோஷமாக அனுப்பிவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். நெற்றியில் விபூதி இல்லை. கையில் இலை விபூதியும் இல்லை. இடது கட்டைவிரலில் மட்டும் நீல மை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டே, என்னம்மா இது என்று கேட்டேன். "ஓட்டுப் போட்டுட்டு வாரேன்ட்டி. கூட்டமே இல்ல. எனக்கு மட்டும் நாற்காலி போட்டாவ" என்றாள்.

நான் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் தூங்க விடவில்லை. ஓட்டுக்கு மை வைப்பது ஆள்காட்டி விரலில் என்றுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. ரெண்டு மாதம் கழித்து வேறு ஒரு வேலைக்காக வில்லங்கச் சான்று எடுத்தபோது, அப்பா வாங்கிப் போட்ட 11 சென்ட் மனை அவன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் ஆகியிருந்தது. தேதியைப் பார்த்தேன். அதே நாள்.

கோவைக்குசும்பு:
தப்பா நினைக்காதீங்க. இந்த நிலைமையில இருக்கிற அம்மாவை நாள் முழுக்க இன்னொருத்தரோட எப்படி அனுப்புனீங்க? எங்க வீட்டுல வாசல் தாண்ட விடமாட்டோம்.

ரெண்டாம்நம்பர்பஸ்:
கோவைக்குசும்பு, கொஞ்சம் நிறுத்துங்க. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தாலும் போன் வழியாக வருவான். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

அப்பா ரயில்வே பென்ஷன்காரர். நவம்பர் மாதம், லைஃப் சர்டிபிகேட் நேரம். அன்றைக்கு ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அப்பா ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். "அவசரமே இல்லப்பா. மொதல்ல கண்ணாடியப் போட்டுக்கோங்க. போட்டாச்சா? இப்ப கார்டைத் திருப்புங்க. பின்னாடி மூணு நம்பர் இருக்கும் பாருங்க." அப்பா கையில் இருந்தது ரேஷன் ஸ்மார்ட் கார்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதோ எண்ணை வாசிக்கிறார். அவனுக்குக் கோபமே வரவில்லை. "இது இல்லப்பா, வேற கார்டு, பேங்க் பேர் போட்டிருக்கும்" என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கிறான்.

அன்று காலையில்தான் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டதற்காக அப்பாவிடம் நான் கத்தியிருந்தேன்.

போனைப் பிடுங்கினேன், அவன் வைத்துவிட்டான். பணம் போகவில்லை. ஆனால் அப்பா என் மேல் கோபப்பட்டு, "அந்தத் தம்பி ஒருத்தன்தான் தினம் பேசுறான்" என்றார். தினமுமா என்று போனை நோண்டினால், அந்த எண்ணிலிருந்து 11 நாளாக அழைப்பு வந்திருக்கிறது.

ஓய்வு கேஷியர்:
34 வருஷம் கவுண்டரில் இருந்தவன். ஒரு அம்மா வாரா வாரம் வருவார். கூட ஒரு பையன் சலானை நிரப்பிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பான். ஒருநாள் அந்த அம்மா என்னிடம், "பஸ் டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டார். நான் சலானைப் பார்த்தேன், கையெழுத்து அச்சு மாதிரி ஒத்துப்போனது, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். நினைவு போனாலும் கையெழுத்து ரொம்ப நாள் தங்கும். சரி, அது இருக்கட்டும்.

எல்லாரும் பவர் பத்திரம் (அவர் சார்பில் நாம் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். ஒப்பந்தச் சட்டப்படி, பவர் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் அந்தப் பவரும் போய்விடும். எப்போது தேவையோ சரியாக அப்போது உதவாது. கார்டியன் ஆகலாம் என்றால், கலெக்டர் ஆபீஸ் கமிட்டி தருவது 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் உள்ள குறைபாடுகளுக்குத்தான், அந்தப் பட்டியலில் டிமென்ஷியா இல்லை. பெரும்பாலும் ஐகோர்ட்டில் ரிட் போட்டுத்தான் வாங்குகிறார்கள். அதனால் ஆரம்பக் கட்டத்திலேயே, அவர்களுக்குத் தெளிவு இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். பென்ஷன் வருகிற கணக்கில் மாதச் செலவுக்கு மேல் நிற்க விடாதீர்கள். கார்டு லிமிட்டைக் குறையுங்கள். யுபிஐ தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வங்கி எஸ்எம்எஸ் உங்கள் எண்ணுக்கும் வரட்டும். யாராவது இன்சூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டியிருந்தால், பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அதனால் தபாலைத் தினமும் பாருங்கள். ஆன்லைனில் பணம் போனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள், சைபர் மோசடிப் புகார் எண் அது. முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் போன பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. அப்புறம் வீட்டுக்கு வருகிற வேலைக்காரர்கள் மேல் ஒரு கண் வையுங்கள். நான் பார்த்தவரை முதல் கை அவர்களுடையதுதான்.

செவந்திப்பூ:
கேஷியர் ஐயா, உங்கள் கதையில் இருந்த பையன் வேலைக்காரனா? இந்தத் திரியில் மனையை எடுத்தது வேலைக்காரியா?

எங்கம்மா ஆறு வருஷம் ஒரு வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் பாட்டியின் ரெட்டை வடச் சங்கிலியைக் காணோம். பாட்டியே கை நீட்டி, "இவதான் எடுத்தா" என்று சொல்லிவிட்டார். இந்த நோயில் பொருளை ஒளித்து வைத்துவிட்டு மறந்து, பக்கத்தில் இருப்பவர் மேல் சொல்வது எவ்வளவு சகஜம் என்று அந்த வீட்டில் படித்த நாலு பேருக்கும் தெரியவில்லை. எங்கம்மாவின் பையைத் தரையில் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்கள். ரசம் சாதம் இருந்தது. மூணாம் நாள் அரிசி டிரம்மில் சங்கிலி கிடைத்தது. "வந்துடு, வேற ஆள் கிடைக்கல" என்று போன் பண்ணினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

எங்கம்மா போனார். நான் போகாதே என்று சண்டை போட்டேன். "அந்தக் கிழவி என் கையால குடுத்தாத்தான் சாப்பிடும்" என்றார்.

கோவைக்குசும்பு:
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

தாமிரபரணிக்காரி:
கோவைக்குசும்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுகிற ஆளோடு நாலு மாதம் இருந்துவிட்டு வாங்க, பேசலாம்.

கேஷியர் சார், மனு போட்டிருக்கிறேன். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவில், ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்). பராமரிப்பதாக எழுதி வாங்கிவிட்டுப் பராமரிக்காவிட்டால், கொடுத்த சொத்தை ரத்து செய்யும் பிரிவு அது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படவில்லை, அது ஒரு சிக்கல் என்கிறார் வக்கீல். எழுதிக் கொடுக்கும் மனநிலையிலேயே அம்மா இல்லை என்று சிவில் கோர்ட்டிலும் போடச் சொல்கிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த தேதி பத்திரத் தேதிக்கு முந்தியது, அந்த ஒரு காகிதம்தான் இப்போது கையில் இருக்கிறது. பத்திரமாக வைத்திருங்கள், எல்லாரும்.

போன வாரம் அவன் வீட்டுக்கே வந்தான், சமாதானம் பேச. நான் வாசலிலேயே நிறுத்தினேன். உள்ளே இருந்து அம்மா பார்த்துவிட்டாள். "வாடே, வா. ஏன் வெளிய நிக்க? ஏட்டி, தம்பிக்குக் காப்பி போடு" என்று என்னை விரட்டினாள். அவன் உட்கார்ந்ததும் கிட்டே நகர்ந்து, "அடுத்த எலெக்‌ஷன் எப்பம்டே? காரு கொண்டுட்டு வருவியா?" என்று கேட்டாள்.