சிங்கள நாவல் வாசித்துச் சொல்வளம் பெற முடியுமா?

நிலாவெளி வீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் பொதுமக்கள் கருமபீடத்தில் கடமையாற்றுகிறேன். இரண்டாம் மொழித் தேர்ச்சிக்காகச் சிங்களம் கற்று வருகிறேன். எழுத்துகளைத் தடுமாறாமல் வாசிப்பேன். வகுப்பில் தந்த பாடநூலையும் முடித்துவிட்டேன். ஆனாலும் சொல்வளம் போதவில்லை என்பது ஒவ்வொரு நாளும் கருமபீடத்தில் தெரிகிறது.

அலுவலகத்தில் உள்ள சிங்கள நண்பர் ஒருவர், சொற்களைப் பட்டியலாக மனனம் செய்வதை விட்டு நாவல் ஒன்றை வாசிக்குமாறு சொல்லி, மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'வைத் தந்தார். சிறுவர்களுக்கான கதை என்பதால் எளிதாக இருக்கும் என்றார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அகராதியைத் திறக்க வேண்டியிருப்பதால், பந்தியின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தில் என்ன நடந்தது என்பது மறந்துபோகிறது. போதாக்குறைக்கு, பல வினைச்சொற்கள் அகராதியிலேயே கிடைப்பதில்லை. இன்னொரு நண்பரோ, அந்த நூலில் உள்ள வினைச்சொற்களை ஒருவரும் வாயால் பேசமாட்டார்கள் என்கிறார்.

தெரியாத சொல் ஒவ்வொன்றிலும் நின்று பொருள் பார்க்க வேண்டுமா, எந்தச் சொற்களைக் கொப்பியில் எழுத வேண்டும், அதையெல்லாம்விட ஒரு நாவலில் கற்ற சொல் கருமபீடத்தில் உதவுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கொட்டியாரம் எழுதியது:

தம்பி, அரச உத்தியோகத்தர்களுக்குச் சிங்களம் கற்பிப்பவன் என்ற வகையில் எழுதுகிறேன்.

முதலில் நூல் உங்களுடைய மட்டத்துக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களை வைத்து ஹூ, போல் நேஷன் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் துணையின்றி ஒரு கதையைச் சரிவர விளங்கிக்கொள்வதற்கு அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 அளவில் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அதாவது 50 சொற்களுக்கு ஒன்று மட்டுமே புதியதாக இருக்கலாம். 250 சொற்கள் கொண்ட பக்கத்தில் ஐந்து. சிங்களத்தில் தமிழைப் போலவே ஒரு பெயர்ச்சொல் வேற்றுமை உருபுகளை ஏற்றுப் பல வடிவங்களில் வருவதால், அடிச்சொல்லை மட்டும் கணக்கில் எடுங்கள். நூலின் நடுவில் ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குப் பதிலாக முப்பது வந்தால் அது உங்களுடைய திறமைக் குறைவன்று. அந்த நூலைத் துணையின்றி வாசிக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்பதே பொருள். துணையோடு வாசிக்கலாம், அதற்கு முறை வேறு.

ஒவ்வோர் அத்தியாயத்தையும் இருமுறை வாசியுங்கள். முதல் முறை அகராதியைத் தொடவே கூடாது. யார் எங்கே போனார், யாரோடு சண்டை பிடித்தார் என்ற அளவுக்கு விளங்கினால் போதும். இரண்டாவது முறை வாசிக்கும்போது, அதே அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களையும், தெரியாவிட்டால் சம்பவமே விளங்காத சொற்களையும் மட்டும் தேடிப் பாருங்கள். ஒரு மரத்தின் பெயரோ மீனின் பெயரோ ஒருமுறை வந்துபோனால் 'ஏதோ ஒரு மரம்' என்று கடந்துவிடலாம். சதுப்புநிலத் தீவில் நடக்கும் கதையில் செடிகொடிகளின் பெயர்கள் ஏராளமாக வரும். அவற்றையெல்லாம் பிடித்துவைக்க முயன்றால் தாவரவியல் கற்றவராவீர்களே தவிர, சிங்களம் கற்றவராகமாட்டீர்கள்.

வினைச்சொற்கள் அகராதியில் இல்லாததற்குக் காரணம் உண்டு. அந்த நாவலில் உபாலி என்ற சிறுவன் தன் கதையைத் தானே சொல்கிறான். எழுத்துச் சிங்களத்தில் வினை எழுவாய்க்கு ஏற்ப முடிவதால், 'நான்' என்று சொல்பவனுடைய வினைகள் பெரும்பாலும் 'மி' என்ற ஒலியில் முடியும். 'நான் போனேன்' என்பது நூலில் 'மம கியெமி'. பேச்சில் 'மம கியா'. 'அவன் போனான்' என்பது எழுத்தில் 'ஒஹு கியேய'. பேச்சில் 'எயா கியா'. பேச்சில் எழுவாய் யாராக இருந்தாலும் வினை மாறுவதில்லை. தமிழராகிய நமக்குப் பேச்சுவடிவமே விசித்திரமாகத் தோன்ற வேண்டும்; போனேன், போனான், போனார்கள் என்று வினையின் ஈற்றை மாற்றிப் பழகிய வாய்க்கு நூலின் நடைதான் நெருக்கமானது. அகராதியில் தலைச்சொல்லாக 'யனவா' என்ற வடிவமே இருக்கும். எனவே ஈற்றை நீக்கி அடிவினையைக் கண்டுபிடிக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்யுங்கள். அடிக்கடி வரும் வினைகளுக்கு ஓர் அட்டவணை எழுதி நூலுக்குள் வைத்துக்கொண்டால், தேடவேண்டிய சொற்கள் கணிசமாகக் குறைந்துவிடும்.

உட்துறைமுகம் எழுதியது:

மேலே எழுதியவரின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் கேட்டவருடைய தேவைக்கு நாவல் சுற்றுவழி என்றே நினைக்கிறேன். வாசிப்பதால் சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும் என்பது மிகைப்படுத்தப்பட்ட நம்பிக்கை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பவர்களிடம் வாரிங், தகாகி ஆகியோர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், எளிமைப்படுத்தப்பட்ட கதையொன்றில் 25 சொற்களைக் கண்காணித்தார்கள். மூன்று மாதங்களுக்குப் பின்னர் குறிப்பேதும் தராமல் பொருள் கேட்டபோது, சராசரியாக ஒரேயொரு சொல்லின் பொருள்தான் நினைவில் நின்றது. கதையில் எட்டு முறைக்குக் குறைவாக வந்த சொற்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கருமபீடத்தில் தேவைப்படுபவை எவை? விண்ணப்பப்படிவம் 'அயதும்பத', பிறப்புச் சான்றிதழ் 'உப்பென்ன சஹதிகய', முகவரி 'லிபினய', கையொப்பம் 'அத்சன'. தீவில் குடியேறும் இரண்டு சிறுவர்கள் இவற்றை எத்தனை முறை சொல்லப்போகிறார்கள்? உங்கள் மேசை இலாச்சியிலேயே இதைவிடச் சிறந்த பாடநூல் இருக்கிறது. நம் நாட்டின் அரச படிவங்களில் பெரும்பாலானவை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிடப்பட்டவை. ஒரே தாளில் சிங்கள வரியும் அதன் தமிழ் வரியும் அருகருகே கிடக்கும்போது அகராதி எதற்கு? சுற்றறிக்கைகளும் வர்த்தமானியும் அவ்வாறே. (சில படிவங்களின் தமிழ் வரிகளை விளங்கிக்கொள்ளச் சிங்கள வரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. அதுவும் ஒருவகைப் பயிற்சியே.)

கந்தளாய்க் குளம் எழுதியது:

உட்துறைமுகம் அண்ணா சொன்ன படிவ யோசனை மிகவும் பயனுள்ளது, நாளைக்கே தொடங்கலாம். ஆனால் படிவத்தில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே பெயர்ச்சொற்கள். கருமபீடத்துக்கு வருபவரோ படிவத்தின் தலைப்புகளை ஒப்புவிப்பதில்லை, கதை சொல்கிறார். "உறுதியை மகனிடம் கொடுத்திருந்தேன், அவன் வெளிநாடு போய்விட்டான், வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது, அதற்குப் பின்னர் தேடிப் பார்த்தால் காணவில்லை" என்று ஒரு தாய் சொல்லும்போது, உறுதிக்கான சிங்களச் சொல் தெரிந்திருந்தும் 'கொடுத்திருந்தேன்', 'அதற்குப் பின்னர்', 'தேடிப் பார்த்தால்' ஆகியவை விளங்காவிட்டால் அவருடைய பிரச்சினை என்னவென்றே தெரியாது. எது முன்னர் நடந்தது, எது அதன் விளைவு, எதை நேரில் கண்டார், எதைப் பிறர் சொல்லிக் கேட்டார் என்பதைக் காட்டும் சொற்கள் கதைகளில்தான் நெருக்கமாக வருகின்றன. அவை எட்டு முறை அல்ல, எண்பது முறை வரும். ஆகவே அந்த ஆய்வை நாவலுக்கு எதிரான சான்றாக நான் கொள்ளவில்லை. நாவலில் எந்தச் சொற்களை எதிர்பார்க்கலாம் என்பதற்கான வழிகாட்டலாகவே கொள்கிறேன்.

நான் கந்தளாயில் சிங்கள அயலவர்களிடையே வளர்ந்ததனால் பேச்சுமொழி முதலிலும் எழுத்துமொழி பின்னரும் வந்தன. அந்த அனுபவத்தில் சொல்வதானால், ஒரே நூலுக்குள் இரண்டு சிங்களங்கள் இருக்கின்றன என்பதை மறவாதீர்கள். கதையை நகர்த்தும் பகுதி எழுத்துநடை. மேற்கோள் குறிகளுக்குள் பாத்திரங்கள் பேசுவது பேச்சுநடை. கருமபீடத்துக்காக வாசிக்கும்போது உரையாடல்களை வாய்விட்டு வாசியுங்கள். எழுத்துப் பரீட்சைக்காக வாசிக்கும்போது இடைப்பட்ட பந்திகளைக் கவனியுங்கள். நூலின் வினைகளை ஒருவரும் பேசமாட்டார்கள் என்று உங்கள் நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை. நம் ஊரைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி'யை, தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என்று போற்றப்படும் அந்நூலை, ஒரு சிங்கள நண்பர் வாசித்துவிட்டு அந்த நடையிலேயே மத்திய சந்தையில் மீன் விலை கேட்டால் எப்படியிருக்கும்? அதற்காக அவர் தமிழே கற்கவில்லை என்று சொல்லிவிட முடியாதல்லவா.

கொப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டாம். கல்லைக் குறிக்கும் சொல்லையும் காலத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கல' என்றே வரும். சிங்களத்தில் முதல் எழுத்தே வேறு. அதேபோல, சிங்களத்தில் இரண்டு னகரங்களும் இரண்டு லகரங்களும் எழுத்தில் வேறுபட்டாலும் இன்றைய உச்சரிப்பில் வேறுபடுவதில்லை. ணகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் கேட்டுப் பழகிய நம் காது அங்கே உதவாது. சொல்வதெழுதுதலில் புள்ளிகள் போவது பெரும்பாலும் இங்கேதான். கண்ணால் பலமுறை கண்ட சொல்தான் கையில் பிழையின்றி வரும். நாவல் வாசிப்பதன் பயன்களில் நான் முதலாவதாகச் சொல்வது இதைத்தான்.

நிலாவெளி வீதி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பென்சிலால் அடிக்கோடிட்டுப் பார்த்தேன். ஐந்தைவிட மிகக் கூடுதலாகவே வந்தது. ஆனால் 'மி' ஈற்று வினைகளை அடிவினைக்கு மாற்றிப் பார்த்தபோது, புதியவை என்று நினைத்தவற்றுள் கணிசமானவை எனக்கு முன்னரே தெரிந்த சொற்கள். இப்போது இன்னொரு சந்தேகம். இந்த நாவல் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது என்று அறிந்தேன். தமிழ் நூலை அருகில் வைத்துக்கொண்டு வாசிப்பது முறையானதா, அல்லது சோம்பலை வளர்க்குமா? கொப்பியில் சொல்லோடு வேறு என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

கொட்டியாரம் எழுதியது:

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரிக்கு வரி ஒப்பிட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வாக்கியங்களைப் பிரித்தும் சேர்த்தும் இருப்பார். சொல்லுக்குச் சொல் தேடினால் குழப்பமே மிஞ்சும். அத்தியாயத்தை முதலில் தமிழில் வாசித்துவிட்டுத் தமிழ் நூலை மூடிவைத்துச் சிங்களத்தில் தொடங்குங்கள். நடக்கப்போவது தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லின் பொருளை ஊகிப்பது எளிதாகும். சிங்களத்திலும் தமிழைப் போலவே செயப்படுபொருள் முன்னரும் வினை இறுதியிலும் வருவதால் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். வடமொழிவழி வந்த சொற்களும் கைகொடுக்கும்: 'நகரய', 'சமுத்ரய' போன்றவற்றைத் தேட வேண்டியதில்லை. பாதி நூலைக் கடந்த பின்னர் வரிசையை மாற்றி, முதலில் சிங்களத்தையும், சந்தேகம் தீர்க்க மட்டும் தமிழையும் பாருங்கள்.

கொப்பியில் சொல்லைத் தனியாக எழுதாமல் அது வந்த முழு வாக்கியத்தையும் பக்க எண்ணையும் சிங்கள எழுத்தில் எழுதுங்கள். வாக்கியம் நீளமானால் அந்தச் சொல்லோடு ஒட்டிவரும் இரண்டு மூன்று சொற்களையாவது எழுதுங்கள். அதன் கீழே அதே வாக்கியத்தைக் கந்தளாய்க் குளம் சொன்ன பேச்சுவடிவில் மாற்றி எழுதி, மறுநாள் உங்கள் சிங்கள நண்பரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நூலைத் தந்தவரே அவர்தான் என்பதால் மறுக்கமாட்டார். தமிழ்ப் பொருளைப் பக்கத்தின் மறுபுறத்தில் எழுதினால், அடுத்த வாரம் திருப்பிப் பார்க்கும்போது உண்மையிலேயே நினைவிருக்கிறதா, அல்லது கண் தமிழுக்கு ஓடுகிறதா என்பது தெரியும். உட்துறைமுகம் எடுத்துக்காட்டிய மறதிக்கு இந்தத் திருப்பிப் பார்த்தலைத் தவிர வேறு மருந்தில்லை. படிவச் சொற்களுக்கும் அதே கொப்பியின் பின்பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள்.

நூலை முடித்த பின்னர், இதே கதையை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1976இல் திரைப்படமாக எடுத்திருக்கிறார், தேடிப் பாருங்கள். கொப்பியின் கீழ்வரியில் நீங்கள் மாற்றி எழுதிய பேச்சுவடிவங்களை நடிகர்களின் வாயால் கேட்கலாம்.

உட்துறைமுகம் எழுதியது:

படத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபனை இல்லை. பரீட்சை நெருங்கும்போது மட்டும் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

கந்தளாய்க் குளம் எழுதியது:

அதற்கு நானும் உடன்படுகிறேன். உரையாடல் பகுதிகளில் எங்காவது சிக்கினால் வாக்கியத்தை இங்கே சிங்கள எழுத்திலேயே பதிவிடுங்கள். மாலை வேளைகளில் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.