வயதான குதிரை: முதலில் கண்ணில் பட்ட மாற்றம் எது?

எங்கள் பெட்டைக் குதிரைக்கு 22 வயது. சவாரியெல்லாம் குறைந்துவிட்டது, அவ்வப்போது மெதுவாக ஒரு சுற்று, அவ்வளவுதான். பல வருடங்களாகக் கச்சிதமாக உட்கார்ந்த சேணம் போன குளிர்காலத்தில் முன்பக்கம் இறங்கி, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் இடிக்க ஆரம்பித்தது. சேணத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்பஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது. குறைந்திருந்தது முதுகுச் சதை.

வேடிக்கை என்னவென்றால், குதிரையைப் பார்த்த யாரும் மெலிந்துவிட்டது என்று சொல்லவில்லை. வயிறு உருண்டையாக இருந்தது, ரோமம் அடர்த்தியாக இருந்தது. "நல்லா தின்னுது போல" என்றுதான் சொன்னார்கள். வந்த மருத்துவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் கையால் தடவிக்கொண்டே போனார். கழுத்து, தோள்மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு, வால் முளைக்கும் இடம் என்று ஆறு இடங்கள். ஹென்னெகே என்பவர் 1983-ல் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவுகோல் இது. 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் அளவுமீறிய கொழுப்பு. 5 வந்தால், விலா கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கையை வைத்தால் தட்டுப்படும்.

எங்கள் குதிரைக்கு 5 போட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். இந்த அளவுகோல் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைத்தான் அளக்கிறது, சதை தனிக் கணக்கு என்றார். விலாவின் மேல் போதுமான கொழுப்பு இருக்கும்போதே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் குழி விழலாம். வயதான குதிரையிடம் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காவிட்டால், மதிப்பெண் நம்மைத் தூங்க வைத்துவிடும்.

அவருக்குச் சந்தேகம் தந்தது கண்ணுக்கு மேலே இருக்கும் பள்ளம். வயதாக ஆக அது இன்னும் குழிய வேண்டிய இடம். இவளுக்கு அங்கே கொழுப்பு சேர்ந்து புடைத்திருந்தது. வெயில் ஏறியும் குளிர்கால ரோமம் உதிரவில்லை. தண்ணீர்த் தொட்டி சீக்கிரமே காலியானது, கீழே விரித்த படுக்கையும் வழக்கத்தை விட ஈரம். ரத்தம் எடுத்து ஏசிடிஎச் ஹார்மோனைப் பார்த்ததில் அளவு மிக அதிகம். பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு, பொதுவாகக் குஷிங் நோய் என்கிறார்கள். பெரும்பாலும் 15 வயது தாண்டிய குதிரைகளுக்கு வருவது. மூளையிலிருந்து அந்தச் சுரப்பிக்கு வரும் டோபமைன் என்கிற கடிவாளம் தளர்ந்துபோவதால், சுரப்பியின் ஒரு பகுதி அடங்காமல் சுரந்துகொண்டே இருக்கிறதாம்.

பெர்கோலைடு மாத்திரை தினமும் போகிறது. தொடக்கத்தில் தீனி எடுப்பது குறைந்தது, அது இந்த மருந்தில் எதிர்பார்ப்பதுதான், மருத்துவர் அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றினார். ரோமம் உதிர்ந்து பளபளப்பு வந்துவிட்டது. முதுகு மட்டும் மெதுவாகத்தான் தேறுகிறது. இன்னொன்று, பகல் குறையத் தொடங்கும் இலையுதிர் காலத்தில் நலமான குதிரைக்குக்கூட ஏசிடிஎச் இயல்பாகவே ஏறும். ஆகவே பரிசோதனை முடிவை அந்தப் பருவத்துக்குரிய அளவோடு ஒப்பிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கிழங்களிடம் முதலில் மாறியது எது?

* * *

எங்களுக்குப் பல். 27 வயது, விதையடித்த ஆண். தீனித் தொட்டிக்குப் பக்கத்தில் பாதி மென்று துப்பிய புல் சுருட்டுகள் கிடந்தன. பசி இருந்தது, ஆர்வமாக வாயில் வாங்கினான், மென்றான், கடைசியில் கீழே விட்டான். இலத்தியை உடைத்துப் பார்த்தால் உள்ளே நீள நீளமாக நார். நன்றாக மென்றிருந்தால் நார் பொடியாக இருக்க வேண்டும்.

குதிரையின் கடைவாய்ப் பல் ஈறுக்குள் நீளமாகப் புதைந்திருக்கும். தேயத் தேய வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்தக் கையிருப்பு ஒரு நாள் தீர்ந்துவிடுகிறது. பல் பார்ப்பவர் வாய்திறப்பான் மாட்டி, விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "அரத்துக்கு இங்கே வேலையில்லை, அராவ எதுவும் மிச்சமில்லை" என்றார். இளம் குதிரைக்குக் கூர்முனைகளை அராவினால் பிரச்சினை தீரும். இவனுக்குத் தீனியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. உலர்புல் அவன் பொழுதுபோக்குக்கு மட்டும் கொஞ்சம். வயிற்றுக்கு, நார்ச்சத்துள்ள தீவன உருண்டைகளை நன்றாக ஊறவைத்துக் கஞ்சிபோல் ஆக்கி, ஒரு நாளைக்குப் பல தடவையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். ஊறவைப்பதில் அவசரப்படாதீர்கள். அரைகுறையாக ஊறியது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் அடைத்துக்கொண்டால் மூக்கு வழியாக எச்சிலும் தீனியும் வரும். அது உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நிலை.

விலா மறுபடி மூடிக்கொண்டது. எல்லாரும் வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வயது நோய் இல்லையே!

* * *

எடை பார்க்கும் மேடை எங்களிடம் கிடையாது. அளவு நாடாவே போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எடுத்த அளவை அதாலேயே பெருக்கி, அதைத் தோள்முனை முதல் பிட்டத்து எலும்பு வரையிலான நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுக்க வேண்டும். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. துல்லியம் என்று சொல்ல மாட்டேன், வயிறு தொங்கிய குதிரைக்கு இன்னும் விலகும். எனக்கு வேண்டியது கீழே போகிறதா மேலே போகிறதா என்பது மட்டும். ஒரே ஆள், ஒரே நேரம், நாடாவும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் அது தெரிந்துவிடும்.

தினமும் பார்க்கிற கண்ணை நான் நம்புவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது அதற்குத் தெரியவே தெரியாது. லாயத்துக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், அதில் எடையோடு ஓய்வுநிலைக் கணக்கும் இருக்கும். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி வரை என்றால் வளர்ந்த குதிரைக்குச் சரி. உங்கள் குதிரை அந்த எல்லைக்குள் வழக்கமாக எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் 32-ல் இருக்கிற நாடி 44 காட்டினால், புத்தகப்படி அது சரி, எனக்குச் சரியில்லை.

* * *

என்னுடையது சின்ன விஷயம். முன்னங்கால் கணுக்களின் முன்பக்கத்தில் ரோமம் தேய்ந்து சிராய்ப்பு. எங்கேயோ உரசிக்கொள்கிறது என்று சுவர், கதவு எல்லாவற்றையும் தேடினோம். காரணம் தூக்கம். குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தே ஆக வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவை, எழுந்திருக்கும் வலிக்குப் பயந்து படுப்பதைத் தவிர்க்கும். நின்றுகொண்டே உறக்கம் ஆழமாகும்போது முன்னங்கால் மடிந்து, கணு தரையில் இடித்து, திடுக்கிட்டு எழும். இரவில் கேமரா வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. வலி மருந்தும் தடிமனான மெத்துப் படுக்கையும் கொடுத்த பிறகு, காலையில் உடம்பின் பக்கவாட்டில் வைக்கோல் ஒட்டியிருக்கிறது. படுத்திருக்கிறான்!

* * *

எல்லோரும் மெலிவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் குட்டைக் குதிரை கிழவி நேர் எதிர். கழுத்தின் மேல்வரம்பு கெட்டிப்பட்டு, வால் முளையில் மெத்தென்று கொழுப்பு. நாங்கள் பயப்படுவது குளம்புக்குள் வரும் அழற்சிக்கு. கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி லேசாகத்தான் தெரிய வேண்டும். துள்ளித் துடித்தால், குளம்பு சூடாக இருந்தால், திரும்பும்போது தயங்கினால், புல்வெளிக்கு விடாமல் மருத்துவரை அழைக்கிறோம்.

அதற்காகத் தடாலடியாகப் பட்டினி போடக் கூடாது. இப்படிக் கொழுத்த குட்டைக் குதிரைகள் தீனியை நிறுத்தினால், உடம்பிலிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் வந்து கொட்டி, கல்லீரலைப் பாழாக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். கழுதைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

* * *

இத்தனை கவனித்தும் முன்கூட்டித் தெரியாத ஒன்றையும் பதிவு செய்துவிடுகிறேன். உடல்நிலை 5, பல் சரி, நாடி சரி. ஒரு மாலை வயிற்றுவலி வந்து, வலி மருந்துக்கும் அடங்கவில்லை, நாடி 60-ஐத் தாண்டியது. குடலைத் தாங்கும் சவ்வில் காம்போடு தொங்கிய கொழுப்புக் கட்டி ஒன்று சிறுகுடலைச் சுற்றி இறுக்கியிருந்தது. வயதான குதிரைகளிடம் அடிக்கடி காணப்படுவதுதான், அறுவை ஒன்றே வழி என்றார்கள். 24 வயதில் அதைத் தாங்குமா என்று மருத்துவரிடம் பேசிவிட்டு, அன்றிரவே விடைகொடுத்தோம். அறுவைக்கு அனுப்புவோமா மாட்டோமா என்பதை, குதிரை நன்றாக இருக்கும்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

* * *

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. பெர்கோலைடு மாத்திரையை உங்கள் அம்மணி எப்படித் தின்கிறாள்? எங்களுடையது தீவனத்தையெல்லாம் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தொட்டியின் மூலையில் விட்டுவைக்கிறது.

* * *

எங்களுடையதும் அதே கில்லாடிதான். பொடியாக்கிக் கலக்க மட்டும் போகாதீர்கள். அந்தத் தூள் கையிலும் மூச்சிலும் படக் கூடாது, முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கேரட்டில் கத்தியால் கீறி உள்ளே செருகிக் கொடுக்கிறோம், அதற்கு முன்னும் பின்னும் வெறும் கேரட் ஒன்று. கேரட் சலித்துப்போன நாளில் ஆப்பிள் துண்டு. இரண்டுமே எடுபடாவிட்டால், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கம் விட்டுவிடுவோம். விழுங்கிவிட்டாளா என்று தொட்டியையும் தரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டே நகர்கிறோம்.