ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன், வேலையில்லாத உதவித்தொகை கிடைக்குமா? (சிங்கப்பூர்)

புதுவரவு_ஈசூன்:
எல்லாருக்கும் வணக்கம். அவசரம், யாராவது பதில் சொல்லுங்கள். நேற்று ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். நான்கு மாதமாக ராத்திரி தூக்கமே இல்லை. மேனேஜர் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்பார், காலையில் எல்லார் முன்னாலும் திட்டுவார். போன வாரம் ரயிலில் ஏறினவன், இறங்க வேண்டிய நிலையத்தில் கால் எழவே இல்லை. கடைசி நிலையம் வரை போய் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இதற்குமேல் முடியவில்லை. இங்கே வேலை போனவர்களுக்கு அரசாங்கம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நானாக விட்டாலும் கிடைக்குமா? எங்கே விண்ணப்பிப்பது? கையில் இரண்டு மாத வாடகைக்குத்தான் காசு இருக்கிறது.

கப்பல்பட்டறை2008:
தம்பி, மனசைத் தளரவிடாதே. நான் 2008 கடைசியில் வந்தவன். கப்பல் பட்டறையில் வேலை, ஒரு அறையில் பன்னிரண்டு பேர். ஊரில் வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், மூன்றாம் மாதமே ஓவர்டைம் நின்றுபோனது. அடிப்படைச் சம்பளத்தில் கடனும் அடைக்க வேண்டும், வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக் கோயில் அன்னதானத்தில்தான் வயிறாரச் சாப்பிடுவேன். எந்த அரசாங்கமும் எனக்கு ஒரு வெள்ளி கொடுக்கவில்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள். வேலை கையில் இருக்கும்போதே அடுத்த வேலை தேடு.

செங்காங்_அம்மா:
அண்ணா, உங்கள் கஷ்டம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் கால் எழவில்லை என்று சொல்கிற பிள்ளையை அதே இடத்துக்குத் திரும்பப் போகச் சொல்வது சரியில்லை. நான் இங்கே தாதியாக இருக்கிறேன். தம்பி, முதலில் டாக்டரைப் பாருங்கள், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்குங்கள். ராத்திரி மனசு கனத்தால் மனநல உதவி எண் 1771க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பணக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூரோங்வாசி:
கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அந்த 6,000 வெள்ளி, 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஜாப்சீக்கர் சப்போர்ட் திட்டம். மொத்தமாகக் கையில் தரமாட்டார்கள். முதல் மாதம் அதிகபட்சம் 1,500, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதமும் 750 வீதம். அதுவும் சும்மா வராது. ஒவ்வொரு மாதமும் விண்ணப்பம் போட்டது, பயிற்சிக்குப் போனது, வேலை ஆலோசகரைப் பார்த்தது என்று புள்ளி சேர்த்துக் காட்ட வேண்டும். வேலையை இழந்தவர்களுக்குத்தான் இது. ஆட்குறைப்பு, பணிநீக்கம், நிறுவனம் மூடியது, நோய் அல்லது விபத்தால் வேலை போனது, இப்படிப்பட்டவை. தானாக ராஜினாமா செய்தவர்களுக்குக் கிடையாது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.

கோவை_டு_புங்கோல்:
சிங்கப்பூரர்களுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜூரோங்வாசி:
குடிமக்களுக்குத்தான் தொடங்கினார்கள். பிஆர்களுக்கு (நிரந்தரவாசிகளுக்கு) 2026 முதல் காலாண்டில் விரிவாக்குவதாக அறிவித்தார்கள். இவர் என்ன பாஸில் (வேலை அனுமதியில்) இருக்கிறார் என்றே சொல்லவில்லையே.

கோவை_டு_புங்கோல்:
கடிதம் கொடுத்தாகிவிட்டது. இனி 30 நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நான் 2020இல் அப்படித்தான் கிளம்பினேன், மூன்று வருடம் கழித்துத்தான் திரும்ப வர முடிந்தது. வாடகை அட்வான்ஸில் ஒரு காசு திரும்பி வரவில்லை. சுவரில் ஆணி, ஏசி சர்வீஸ் ரசீது இல்லை, அடுப்பில் கறை என்று ஒவ்வொன்றுக்கும் பிடித்துக்கொண்டார்கள்.

தேக்கா_முருகேசு:
அட்வான்ஸ் பற்றிப் பேசினால் எனக்கு வயிறு எரிகிறது. எனக்கும் அதே கதை. வீட்டுக்காரர் சமைக்கக்கூடாது என்று சொல்லித்தான் அறை கொடுத்தார். ரசம் வைத்ததற்குச் சண்டை. இப்போது பொதுவறையில் ஒரு கட்டில் போடுவதற்கே என்ன வாடகை கேட்கிறார்கள் பார்த்தீர்களா? ஜெர்மனியில் என் மச்சினன் வேலையைத் தானாக விட்டான். 12 வாரம் நிறுத்திவைத்தார்கள், அப்புறம் உதவித்தொகை வந்தது. அங்கே சம்பளத்தில் பிடித்த காசு, அதனால் திரும்பி வருகிறது. நமக்கு இங்கே அப்படி ஒன்றும் பிடிப்பதில்லை, மசேநியும் (மத்திய சேம நிதி) கிடையாது.

கப்பல்பட்டறை2008:
உண்மை. என் காலத்தில் கட்டில் வாடகையே இல்லை, தங்கும் விடுதிக்குக் கம்பெனி கட்டும். ஆனால் மூட்டைப்பூச்சி...

எச்ஆர்_அக்கா_யூனோஸ்:
கொஞ்சம் நிறுத்துவோம். இந்தத் தம்பிக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். நான் பத்து வருடமாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தம்பி, நான்கு விஷயம் சொல்லுங்கள். என்ன பாஸ்? நோட்டீஸ் எவ்வளவு, கடைசி நாள் எது? குடும்பம் உங்கள் பாஸை நம்பி இருக்கிறதா? கடிதம் எழுதுவதற்கு முன் மேனேஜர் என்ன சொன்னார்? அப்புறம், 30 நாள் என்பது கடிதம் கொடுத்த தேதியிலிருந்து இல்லை. கடைசி வேலை நாளுக்குப் பிறகு பாஸை ரத்து செய்யும்போதுதான் அந்தக் கணக்கு தொடங்கும்.

புதுவரவு_ஈசூன்:
மன்னியுங்கள், பதற்றத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஈபி, எம்ப்ளாய்மென்ட் பாஸ். வந்து ஒரு வருடம் நான்கு மாதம். மனைவியும் பத்து மாதக் குழந்தையும் டிபியில் (குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸ்) இருக்கிறார்கள். நோட்டீஸ் இரண்டு மாதம். 11 நாள் லீவு மிச்சம் இருக்கிறது, அதை நோட்டீஸில் கழித்துக்கொண்டு சீக்கிரம் போகலாம் என்று எங்கள் எச்ஆர் சொன்னார்கள். நானும் சரி என்றுவிட்டேன். கடிதத்துக்கு முந்தின நாள் மேனேஜர், ‘நீயே எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் நாங்கள் நீக்குவோம், அது உன் பெயரில் நிற்கும்’ என்று மெசேஜ் அனுப்பினார். இது முக்கியமா?

எச்ஆர்_அக்கா_யூனோஸ்:
ரொம்ப முக்கியம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஈபியில் இருப்பவருக்கு அந்த 6,000 வெள்ளி கிடையாது, எந்தக் காரணத்தால் வேலை போனாலும். அந்த நம்பிக்கையை இன்றே விட்டுவிடுங்கள், மனசு அடுத்த வேலைக்குத் திரும்பும்.

லீவைக் கழிப்பதற்கு நாளைக் காலையே எச்ஆரிடம் வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு வழி இருக்கிறது. நோட்டீஸில் கழித்தால் கடைசி நாள் முன்னே வந்துவிடும், பாஸும் அதோடு முடியும். நோட்டீஸ் காலத்துக்குள்ளேயே லீவாக எடுத்தால் கடைசி நாள் நகராது, சம்பளமும் முழுக்க வரும். பின்னதற்கு நிறுவனம் அனுமதிக்க வேண்டும், ஆனாலும் கேட்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது நாட்கள், நீங்களோ இருக்கிற நாட்களைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். கடைசி நாளை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்றுகூடக் கேளுங்கள். மூன்று மாத நோட்டீஸில் வேலை தேடிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி நாளுக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் நிறுவனம் பாஸை ரத்து செய்யும். குடும்பத்தின் டிபியும் உங்களோடு போகும். எல்லாருக்கும் 30 நாள் குறுகியகால அனுமதி கிடைக்கும். அதை நீட்டிக்க ஐசிஏவிடம் (குடிநுழைவு ஆணையம்) விண்ணப்பிக்கலாம், ஆனால் கிடைக்கும் என்ற கணக்கில் திட்டம் போடாதீர்கள். புது நிறுவனம் நீங்கள் நோட்டீஸில் இருக்கும்போதே உங்களுக்கு ஈபி விண்ணப்பம் போடலாம், பழைய நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. புதுச் சம்பளம் ஈபிக்கான குறைந்தபட்சத்துக்கு (2025 முதல் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200) மேலே இருக்கிறதா என்று பாருங்கள். வயது கூடக் கூட அந்தத் தொகையும் கூடும். குடும்பத்துக்கு டிபி வேண்டுமென்றால் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். பேரம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கையிருப்பு பற்றிச் சொன்னீர்கள் அல்லவா, இதைக் கேளுங்கள். வெளிநாட்டு ஊழியர் விலகினால் நிறுவனம் ஐஆர்21 என்ற வரிப் படிவம் கொடுக்க வேண்டும். நீங்கள் விலகுவது தெரிந்ததிலிருந்து, உங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். வரிக் கணக்கு முடிந்ததும், அல்லது படிவம் போய் 30 நாள் ஆனதும் மீதி வரும். அதனால் கடைசி மாதச் சம்பளம் கடைசி நாளில் கைக்கு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதில்தான் திணறுகிறார்கள். படிவத்தைச் சீக்கிரம் போடச் சொல்லி எச்ஆரிடம் இன்றே கேளுங்கள்.

இனி அந்த மெசேஜ். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கிய ராஜினாமாவைத் தவறான பணிநீக்கமாகக் கருதி, வேலைத் தகராறுகளுக்குச் சமரசம் செய்யும் டிஏடிஎம் அமைப்பில் முறையிடலாம். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் சிக்கல். கட்டாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. உங்களுக்கு வந்த மெசேஜ்களை, தேதி தெரியும்படி, சொந்தப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள். முறையீடு செய்தால் வேலை திரும்பக் கிடைக்கும், காசு கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த மெசேஜைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி நாளைத் தள்ளிப்போட மரியாதையாகப் பேசலாம்.

கப்பல்பட்டறை அண்ணன் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கடிதத்தைத் திரும்பப் பெற நிறுவனம் சம்மதிக்க வேண்டும். அங்கே திரும்பிப் போகும் நிலையில் நீங்கள் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

கப்பல்பட்டறை2008:
அக்கா சொல்வது சரி. தம்பி, குழந்தை இருப்பது தெரியாமல் பேசிவிட்டேன். பால்மாவு, டயப்பர் எது வேண்டுமானாலும் எனக்குத் தனியாக எழுது. நானும் ஈசூனில்தான் இருக்கிறேன்.

புதுவரவு_ஈசூன்:
அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. லீவு விஷயத்தை இப்போதே மெயில் அனுப்பிவிட்டேன். மெசேஜ்களைப் படமெடுத்து வைத்துவிட்டேன். நாளைக்கு டாக்டரிடம் போகிறேன், மனைவியும் வருகிறாள். ஒன்றே ஒன்று. வீட்டு வாடகை ஒப்பந்தம் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. என்ன செய்வது?

எச்ஆர்_அக்கா_யூனோஸ்:
ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், இங்கே வேலை இல்லாமல் போனதற்கான கடிதத்தைக் காட்டி முன்கூட்டியே முடிக்கலாம். பெரும்பாலும் முதல் 12 மாதம் முடிந்த பிறகுதான், அதுவும் இரண்டு மாத நோட்டீஸோடு. பத்தியைப் படமெடுத்து, பெயர், முகவரி மறைத்துப் போடுங்கள். ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.