வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா?

வணக்கம். பொள்ளாச்சி பக்கம் தோட்டத்தில் 40 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். முந்தாநாள் மூன்று, இன்று காலை ஐந்து செத்துக் கிடந்தன. கொண்டை கருநீலம், முகம் வீக்கம். வெள்ளைக்கழிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்கான தடுப்பு மருந்தான லசோட்டா சொட்டு மருந்து தவறாமல் போட்டிருக்கிறேன். 2021 ஜனவரியில் ஆலப்புழை வாத்துகளுக்கு எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல் வந்தது ஞாபகம் இருக்கிறது, அதான் பயம்.

'சாவதற்குள் அறுத்துவிடு, வெந்தால் ஒன்றும் ஆகாது' என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். வெந்தது சரி, அறுக்கிற கை? செத்ததைத் தொடாமல் கூடையால் மூடி வைத்திருக்கிறேன். கால்நடை மருந்தகத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு.

மாதிரி எடுக்க யாரைக் கூப்பிடுவது? அதுவரை புதைக்காமல் வைக்கலாமா? மீதிக் கோழிகளை அடைத்தே வைத்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.