அணைத்துப் போட்டால் சரியாகிறது, பிறகு மறுபடியும் மந்தம்: ரவுட்டரோடு நாங்கள் பட்ட பாடு

பதிவு 1

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த அவஸ்தையைப் படாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் அதிகம் விளக்கவில்லை. என் வீட்டு ரவுட்டர் பகல் முழுவதும் ஒழுங்காக ஓடும். இரவு ஒன்பதரை ஆனால் போதும், படம் நின்று நின்று வரும், அழைப்பில் எதிர்முனைக் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். அணைத்துப் போட்டால் கால் மணி நேரம் நன்றாக இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன். ஒருநாள் லேன் கேபிளைச் செருகிப் பார்த்தேன். அதிலும் அதே மந்தம். வைஃபை நெரிசல் காரணமாக இருந்தால் கேபிளில் வேகம் குறையாதே, ஆகவே ரவுட்டர்தான் சாகக் கிடக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதி, புதியது ஒன்றை வாங்கி, பழையதை ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் இரவு ஒன்பதரைக்குப் புதிய ரவுட்டரும் அப்படியே படுத்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் மடிக்கணினியில் பிங் கட்டளையை (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) ஓடவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியிலிருந்து வழக்கமாக 18 மில்லி நொடியில் வரும் பதில் 1400 மில்லி நொடி எடுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக இணைப்பிலிருந்து விலக்கிக்கொண்டே வந்தேன்; எண் அசையவில்லை. கடைசியாக மிஞ்சியது, அலமாரியின் மேல் சார்ஜரில் கிடந்த என் மகளின் கைபேசி. வேறொன்றும் தோன்றாமல் அந்தச் சார்ஜரைப் பிடுங்கினேன். 1400, 1380, 1410 என்று வந்துகொண்டிருந்த வரிகள், இரண்டு மூச்சு விடுவதற்குள் 900, 210, 19 என்று இறங்கின. மறுபடி செருகினேன், சற்று நேரத்தில் ஏறியது. பிடுங்கினேன், இறங்கியது. அரை மணி நேரம் சிறுபிள்ளை போல இதையே செய்துகொண்டிருந்தேன்.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் படங்களையும் காணொளிகளையும் இணையச் சேமிப்புக்கு ஏற்றும்படி அந்தக் கைபேசி அமைக்கப்பட்டிருந்தது. அவள் நாள்தோறும் காணொளி எடுப்பவள். என் இணைப்பின் பதிவேற்ற வேகமோ 10 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 10 மெகாபிட்). அத்தனையையும் அது ஒன்றே விழுங்கியிருக்கிறது. அணைத்துப் போடும்போதெல்லாம் பதிவேற்றம் அறுபடும். செயலி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியைத்தான் ரவுட்டர் குணமாகிவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பழைய ரவுட்டர் நண்பர் வீட்டில் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அதை நினைத்தால்தான் உறுத்துகிறது.

பதிவு 2

எங்கள் வீட்டுக் குற்றவாளி சமையலறையில் இருந்தது. வேலைக்கான காணொளி நேர்காணல் ஒன்றில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் பாதி வாய் திறந்தபடி திரையில் உறைந்துவிட்டார். நான் பதற்றத்தில் வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த அறையிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பின் மணி 'டிங்' என்று ஒலித்தது; அதே நொடியில் அவர் வாயை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். மூன்று மாதமாக நான் தேடிய காரணம் அந்த ஒரு மணியோசையில் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

மறுநாள் ஒரு குவளைத் தண்ணீரை அடுப்பில் வைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ரவுட்டரின் சொந்த முகவரியான 192.168.1.1-க்குப் பிங் செய்து பார்த்தேன். 2 மில்லி நொடியாக இருந்தது 300-க்கு மேல் போயிற்று. நான்கில் ஒரு பதில் திரும்பவே இல்லை. அடுப்பின் அலைவெண் 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருப்பதும் அங்கேதான். அடுப்பிலிருந்து கசிவது உடலுக்குத் தீங்கு செய்யாத மிகச் சிறிய அளவுதான். ஆனால் அறையின் மறுகோடியில் மடிக்கணினிக்கு எட்டும் வைஃபை சமிக்ஞை ஒரு மில்லிவாட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கக்கூடும் என்பதால், அந்தச் சிறு கசிவே அதை மூழ்கடித்துவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினேன்; தொல்லை தீர்ந்தது. எல்லோரும் மாறிவிடுங்கள்.

பதிவு 3

முதல் பதிவை எழுதியவர் மகளின் கைபேசியைக் குற்றவாளியாக்கியிருப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. கைபேசி தன் வேலையைச் செய்தது. குற்றம் வரிசையில் இருக்கிறது. என் வீட்டிலும் இதுவேதான் நடந்தது. அங்கே ஏற்றிக்கொண்டிருந்தது கைபேசிக்குப் பதில் கண்காணிப்புக் கேமரா, அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே என் கதையை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

அவரே தந்த எண்களை எடுத்துக்கொள்வோம். 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 1400 மில்லி நொடித் தாமதம் என்றால், 14 மெகாபிட், அதாவது ஏறத்தாழ 1.75 மெகாபைட் அளவு தரவு மோடத்திலோ ரவுட்டரிலோ வரிசையில் நின்றுகொண்டிருந்தது என்று பொருள். தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது; எந்தப் பொட்டலத்தையும் கீழே போட்டுவிடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் அவை காத்திருக்கும் இடைநினைவகத்தைப் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். பொட்டலம் தவறினால்தான் அனுப்பும் கருவி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தவறவே இல்லையென்றால் அது மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். பதிவிறக்கமும் சேர்ந்து படுத்துக்கொள்வது ஏன் என்று பலர் குழம்புகிறார்கள். இறங்கும் ஒவ்வொரு தரவுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற சிறு ஒப்புகை மேலே போக வேண்டும். அந்த ஒப்புகையும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. கேபிளிலும் மந்தமாக இருந்ததற்கு இதுவே காரணம். கேபிளும் வைஃபையும் வெளியேறும் வாசல் ஒன்றுதானே.

இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற கணினி நிரலாளர் 2010-இல் தம் வீட்டு இணைப்பில் பெரிய கோப்புகளை ஏற்றும்போது இதை எதிர்கொண்டு, விடாமல் துருவி, உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2012-இல் வலையமைப்பு ஆய்வாளர்களான காத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்குத் தீர்வாகக் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்பதை அது பார்ப்பதில்லை. ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதையே பார்க்கிறது. அந்த நேரம் 5 மில்லி நொடிக்குக் கீழே வராமல் 100 மில்லி நொடி நீடித்தால், பொட்டலங்களைக் கைவிடத் தொடங்கும். நல்ல ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் இது இருக்கும்; ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை நிறுவியவர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே உங்கள் உண்மையான பதிவேற்ற வேகத்தில் 90 விழுக்காட்டை உச்ச வரம்பாக எழுதுங்கள். வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறானே என்று சினம் வரலாம். ஆனால் அப்போதுதான் வரிசை மோடத்தை விட்டு ரவுட்டருக்கு வந்து சேரும். கோடெலுக்கு ஆள வரிசை கிடைக்கும். பதிவேற்றத்தை நிறுத்தத் தேவையில்லை. புதிய ரவுட்டரும் தேவைப்பட்டிருக்காது. இதைச் சொல்வது உறுத்தலைக் கூட்டும் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

பதிவு 4

எல்லோரும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறச் சொன்னவருக்கு: நான் மாறினேன், மாறிய பிறகுதான் துன்பமே தொடங்கியது.

நாளுக்கு மூன்று நான்கு முறை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் இணைப்பை இழக்கும். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பும்போது வேகம் பாதியாக இருக்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகு தானே சரியாகிவிடும். ஒருநாள் நள்ளிரவு தாண்டி நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்து, நூற்றுக்கணக்கான வரிகளை விரலால் தள்ளிக்கொண்டே போனபோது, 'ரேடார் கண்டறியப்பட்டது' என்று பொருள்படும் ஒரு வரியைக் கண்டேன். இருட்டில் தனியாக அமர்ந்து அதைப் படித்தபோது, வீட்டுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி ஏதும் இருக்கிறதோ என்றுகூட ஒரு கணம் அஞ்சினேன்.

உண்மை சாதாரணமானது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எண்ணிட்ட பல சேனல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; அவற்றில் 52 முதல் 144 வரையிலானவற்றை வானிலை ரேடார் முதலியவற்றோடு வைஃபை பகிர்ந்துகொள்கிறது. ரேடார் துடிப்பு கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. இந்த வகைச் சேனலில் நுழைவதற்கு முன் குறைந்தது 60 நொடி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என் ஒரு நிமிடமும் அரை மணி நேரமும் இவைதான். உண்மையான ரேடார்தான் வந்தது என்பதும் இல்லை. வேறு ஏதாவது இரைச்சலை ரேடார் என்று எண்ணி ரவுட்டர் ஓடுவதும் உண்டு. 'தானியங்கி' என்பதை நீக்கிச் சேனல் 36-இல் நிலையாக வைத்தேன். அதன் பிறகு அந்த வரி பதிவேட்டில் வரவில்லை.

பதிவு 5

மூன்றாம் பதிவு ஓர் ஆய்வேடு. முழுவதையும் படித்தேன், பயன் உண்டு. ஆனால் வரிசையையும் ரேடாரையும் தேடும் முன், ரவுட்டருக்குச் சோறு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டாமா?

என்னுடையதில் எல்லோரும் ஒன்றாக இணைப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் வைஃபை தளரும். ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் படுத்திருந்தபோது, மூலையில் இருந்த ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஐந்தும் ஒருசேர மங்கி மீள்வதைப் பார்த்தேன். தரவு ஓடுவதால் சிமிட்டும் விளக்குகள் தனித்தனியே சிமிட்டும். இவை ஒரே மூச்சில் மங்கின. அடாப்டரைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு. மீட்டரை வைத்து அளந்தேன்: சும்மா இருக்கையில் 12.1 வோல்ட், ரவுட்டர் முழு வேகத்தில் ஓடும்போது 10.4. உள்ளே இருக்கும் மின்தேக்கி வருடக்கணக்கான சூட்டில் காய்ந்துவிட்டிருந்தது. அதே வோல்ட், அதே துருவம், குறையாத ஆம்பியர் உள்ள வேறோர் அடாப்டரை மாட்டினேன், முடிந்தது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. வோல்ட் மாறினால் ரவுட்டரை மறந்துவிடுங்கள்.

பதிவு 6

அடாப்டர் அனுபவம் சரி. ஆனால் அது எல்லோருக்கும் முதல் சோதனையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் செய்ய வேண்டியது, இரண்டு சாளரங்களைத் திறந்து ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றதில் வெளி முகவரிக்கும் ஒரே நேரத்தில் பிங் ஓடவிடுவது. இரண்டும் ஏறினால் கோளாறு வீட்டுக்குள், பெரும்பாலும் காற்றிலே இருக்கிறது. வெளி முகவரிக்கான எண் மட்டும் ஏறினால் வரிசையில் அல்லது அதற்கப்பால் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் கைபேசிப் பதிவேற்றமும் பிரிவது இந்த இடத்தில்தான். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எத்தனை இடைவெளியில் என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மந்தமாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள். அணைத்துப் போட்டுவிட்டால் தடயம் எல்லாம் அழிந்துவிடும்.

என் கதை சிறியது. சரியாக 60 நொடிக்கு ஒரு முறை பிங் 3-இலிருந்து 250-க்குத் தாவி இறங்கியது. கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே, இப்போது வரும் பார் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அவரது மடிக்கணினியில் அது இல்லவே இல்லை. என் மடிக்கணினியில் வைஃபையை இயக்கும் பழைய மென்பொருள்தான் நிமிடத்துக்கு ஒரு முறை மற்ற சேனல்களில் வேறு வலையமைப்புகளைத் தேடப் போய்க்கொண்டிருந்தது. இது தெரியாமல் ரவுட்டரை நான் நான்கு முறை தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டிருந்தேன்.

பதிவு 7 (முதல் பதிவை எழுதியவர்)

மூன்றாம் பதிவில் சொன்னபடி செய்து பார்த்தேன். புதிய ரவுட்டரில் எஸ்க்யூஎம் இருந்தது; பதிவேற்ற வரம்பு 9 எம்பிபிஎஸ் என்று எழுதினேன். நேற்று இரவு ஒன்பதரைக்கு மகளின் கைபேசியை நானே சார்ஜரில் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். பதிவேற்றம் ஓடிக்கொண்டிருந்தது, பிங் 24, 27, 22 என்று நின்றது. அவள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்து, இன்றைக்கும் பிடுங்கப் போகிறீர்களா அப்பா என்று கேட்டாள்.

ஒரு திருத்தம் மட்டும் உண்டு. என் பழைய ரவுட்டரில் இந்த அமைப்பு கிடையாது. கையேட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். ஆகவே புதியது வாங்கியது முழுக்க வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். நண்பர் வீட்டில் அது ஒழுங்காக ஓடுவதற்குக் காரணமும் தெரிந்துவிட்டது: அவர் இணைப்பின் பதிவேற்ற வேகம் 100 எம்பிபிஎஸ்.